மகமைக் கணக்கும் மகளின் மணிக் கணக்கும்

தேவகோட்டைத் தங்கச்சிக்கு,

‘ஆச்சி’ என்று கூப்பிட்டுக் கேட்டுவிட்டீர்கள், இனிமேல் தட்ட முடியுமா? மேரிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்து, பள்ளத்தூர் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் ஏறியிருக்கிறது. மேலே ஒவ்வொரு ஓடாகத் தட்டிப் பார்க்கிற சத்தம், கீழே பட்டாலையில் நானும் ஒரு சொம்பு மோரும். எழுத்து அங்கங்கே முன்பின்னாகப் போனால் ஓட்டுக்காரரைத் திட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது இவ்வளவுதான். போன ஆகஸ்டில் மேரிலாந்துக்கு வந்தீர்கள், நீங்களும் பிள்ளைகளும் எச்-4, அதாவது வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குக் கொடுக்கிற விசா. மகள் இப்போது பத்தாம் வகுப்பு. பள்ளி முடிக்க 75 மணி நேரம் சமூக சேவை வேண்டும் என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் 400 மணி நேரம் இருக்கிறதாம். காலேஜுக்கு எவ்வளவு இருந்தால் போதும், எங்கே போய்ச் செய்வது, கோடை விடுமுறையில் ஊருக்கு வந்து ஒரு ட்ரஸ்ட் மாதிரி ஆரம்பித்தால் எடுபடுமா? கடைசியாக ஒரு வரி: “செய்த உதவிக்குக் கையெழுத்து வாங்கி வைப்பது கூச்சமாக இருக்கிறது ஆச்சி.”

கூச்சத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்கும் அது இருந்தது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வளர்ந்த நாம், டப்பா அடுக்கியதற்கு மணிக்கணக்கு எழுதி, கீழே ஒருவரிடம் கையெழுத்துக் கேட்டு நின்றால் உடம்பு கூசத்தான் செய்யும். எனக்கு அதைப் போக்கியது எங்கள் ஐயா வைத்துவிட்டுப்போன பர்மாப் பேரேடு. லாபத்தில் இவ்வளவு என்று மகமைக்கு, அதாவது தர்மத்துக்கு ஒதுக்கி, சாமி பெயரில் தனியாகப் பற்று வரவு. வட்டிக் கணக்கு எவ்வளவு சுத்தமோ தர்மக் கணக்கும் அவ்வளவு சுத்தம். அப்படி அணா பைசா பார்த்து எழுதி வைத்ததால்தான் காசியில் நம் நகரத்தார் சத்திரத்து அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. பேரேட்டில் தர்மத்துக்குப் பக்கம் ஒதுக்கினவர்களுடைய பேத்தி ஒரு படிவத்தில் 3 மணி நேரம் என்று எழுதுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. செய்த அன்றைக்கே எழுதி, அன்றைக்கே கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்தப் பொறுப்பாளர் வேலை மாறிப் போயிருப்பார்.

இங்கே இரண்டு கணக்கு இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 75 மணி நேரம் மேரிலாந்து மாநிலம் பள்ளிப் பட்டத்துக்காகக் கேட்பது. இப்படிக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் அதுதான், 1992-ல் முடிவெடுத்தார்கள். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். வாஷிங்டன் டி.சி.யில் 100 மணி. ஃபுளோரிடாவில் பிரைட் ஃபியூச்சர்ஸ் என்ற கல்லூரி உதவித்தொகையின் மேல்படிக்கு 100 மணி நேரம் சேவை, அல்லது அதே அளவு சம்பள வேலை. மேரிலாந்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்தே சேர்த்துக்கொண்டு வருவார்கள். உங்கள் மகள் போல நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு எங்கள் மாண்ட்கோமரி கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வகுப்பைப் பொறுத்து மணி குறைப்பார்கள், முழு 75 கேட்பதில்லை. பள்ளி கவுன்சிலரிடம், அதாவது மாணவர் ஆலோசகரிடம், நாளைக்கே கேளுங்கள். படிவத்தில் என்ன செய்தாள் என்பதோடு அதிலிருந்து என்ன யோசித்தாள் என்றும் எழுதச் சொல்வார்கள். கோயிலில் பூஜைக்கு உதவியதை ஏற்கமாட்டார்கள், சேவை மதச் சார்பில்லாததாக இருக்க வேண்டும். லான்ஹம் முருகன் கோயிலில் மாலை கட்டினால் புண்ணியம் உண்டு, மணி கிடையாது. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் இந்த 75-க்குள் வராது.

காலேஜ் பார்ப்பது வேறு கணக்கு. ஏராளமான கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பமாகப் போகிற காமன் ஆப்பில், பாடத்துக்கு வெளியே செய்தவற்றை எழுத 10 இடம் இருக்கும். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. தந்தி அடிப்பது மாதிரிதான். வாரத்துக்கு எத்தனை மணி, வருஷத்தில் எத்தனை வாரம், எந்தெந்த வகுப்பில் என்று கேட்பார்கள். மொத்தம் எத்தனை மணி என்ற கட்டமே இல்லை. மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. தனி விண்ணப்பம் வைத்திருக்கிறது, அதில் நான்கே நான்கு நடவடிக்கைகளுக்குத்தான் இடம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் 400-ஐப் பார்த்து ராத்தூக்கம் கெடுக்க வேண்டாம். ஒரே இடத்தில் மூன்று வருஷம் வாரா வாரம் போனாளா, பன்னிரண்டு இடத்தில் தலைகாட்டினாளா என்பதுதான் படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியும். அதற்கும் முன்னால் மதிப்பெண்ணும், எடுத்த பாடங்கள் எவ்வளவு கனமானவை என்பதும் நிற்கின்றன. கெமிஸ்ட்ரியைக் கோட்டைவிட்டுவிட்டுச் சேவைக்கு ஓட வேண்டாம்.

இனி ட்ரஸ்ட் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நாங்கள் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

என் மூத்தவன் பத்தாவது முடித்த கோடையில் இதைத்தான் செய்தோம். அங்கே நண்பர்களிடம் பணம் திரட்டி, பழைய லேப்டாப் 10 சேர்த்து, பெட்டியில் சுமந்து வந்து, இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தோம். ஃபிளக்ஸ் பேனரில் என் மகன் முகம் ஆளுயரத்துக்கு. சால்வை, ரிப்பன், போட்டோ. மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தான். அவனுடைய தமிழ் பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருந்தது, அவன் இங்கிலீஷ் அவர்களுக்கு ஏறவில்லை. அந்த அறையில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று என்பது பத்து லேப்டாப்பையும் மேசையில் வைத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் வந்து பார்த்தால் பத்தும் பீரோவில், பூட்டி, பத்திரமாக. பள்ளிமேல் குறை சொல்லமாட்டேன், கொடுப்பதற்கு முன் நாங்கள்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமை ஆசிரியை காபி கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “சாயங்காலம் உட்கார்ந்து வாசிச்சுக் காட்ட ஆள் இருந்தா போதும்மா, வருஷம் பூரா.” அதைத்தான் எங்களால் கொடுக்க முடியாது. ஆகஸ்டில் விமானம் ஏறியாக வேண்டுமே.

கல்லூரி விண்ணப்பத்துக்கான கட்டுரையில் அவன் இதைப் பெருமையாக எழுதினான். வாசித்த கவுன்சிலர் அம்மா கேட்டது ஒன்றுதான்: “இதில் நீ என்ன செய்தாய், உன் பெற்றோர் என்ன செய்தார்கள்?” பையன் அந்த 650 வார்த்தையையும் அழித்துவிட்டு, பேருந்தில் தினமும் கூட வருகிற ஒரு முதியவரைப் பற்றி எழுதினான்.

நம் ஊரில் தர்மம் என்றால் கொடுத்துப் பழக்கம். காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார், அந்தக் காலத்துப் 15 லட்சம். அந்த ரத்தம் நமக்கும் ஓடுவதால் பிள்ளை சேவை செய்யணும் என்றதும் கை செக் புக்குக்குப் போகிறது. பணத்தோடு நிற்காமல் ஆளாக வந்து நிற்கிறவர்களும் நம்மிடம் உண்டு. தைப்பூசத்துக்குப் பழனி நடந்தவர்களுக்குத் தெரியும், வழியில் வருஷா வருஷம் அதே இடத்தில், அதே அண்ணன், அதே அண்டாவிலிருந்து சுக்குக் காபி ஊற்றுவார். அந்த அண்ணனுக்கு விண்ணப்பம் நிரப்பச் சொன்னால் 150 எழுத்து தாராளம். ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை வெளிநாட்டுக்கு ‘சேவைப் பயணம்’ கூட்டிப்போகிறவர்களும் உங்களைத் தேடி வருவார்கள். சுற்றுலா என்று நினைத்துப் போனால் சரி.

இளையவளிடம் நாங்கள் வேறு மாதிரி நடந்துகொண்டோம், பாதி களைப்பில். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சர்ச் அடித்தளத்தில் உணவுப் பொருள் இலவசமாகக் கொடுக்கிற பாண்ட்ரி. சனிக்கிழமை காலை 3 மணி நேரம். முதல் நான்கு மாதம் அட்டைப் பெட்டி பிரித்துத் தட்டையாக்கும் வேலை மட்டும். “அம்மா, இதுக்கா என்னைக் காலையில எழுப்புறீங்க?” என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருவாள். ரங்கூனில் நம்மவர் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிக்கு முதல்முறை போன பையன்களும் பெட்டியடிப் பையனாகத்தான் ஆரம்பித்தார்கள். கூட்டி, பெருக்கி, பெட்டியைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள். அதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறும்.

பிறகு டப்பாக்களில் தேதி பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். பதினொன்றாம் வகுப்பில் வாசல் மேசையில் உட்கார்ந்தாள். அங்கேதான் கவனித்திருக்கிறாள்: நேபாளத்து, குஜராத்துப் பாட்டிகள் பையைத் திறந்து டியூனா மீன் டப்பாவையும் கோழி சூப்பையும் எடுத்து மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி கட்டிய பை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல இங்கிலீஷும் இல்லை. இவள் மூன்று வாரம் அப்படித் திரும்பி வந்த டப்பாக்களை எண்ணி எழுதிப் பொறுப்பாளரிடம் காட்டினாள். பருப்பு, கொண்டைக்கடலை, அரிசி என்று சைவத்துக்குத் தனியாக ஒரு தட்டு வந்தது. தலைவி, செயலாளர் என்ற பட்டம் எதுவும் அவளுக்குக் கிடையாது. காமன் ஆப்பில் அவள் எழுதியது இந்த ஒரு தட்டைப் பற்றித்தான், எழுத்து மீதமிருந்தது.

உங்கள் மகளுக்கும் அப்படி ஓர் இடம் தேடுங்கள். மாண்ட்கோமரியில் மன்னா ஃபுட் சென்டர் இருக்கிறது. வார இறுதிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போக உணவுப் பை கட்டுவார்கள். பொது நூலகங்களில் கோடை வாசிப்புக்குப் பிள்ளைகள் தேவைப்படும், வயதானவர்களுக்குச் செல்போன் சொல்லிக்கொடுக்கவும் ஆள் கேட்பார்கள். சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்கு உதவி ஆசிரியை வேலை உங்கள் மகளுக்கு லட்டு மாதிரி, ஒன்பது வகுப்பு இங்கே தமிழில் படித்துவிட்டுப் போனவள். பள்ளியிலேயே கீ கிளப் என்ற மாணவர் சேவை மன்றம் இருந்தால் சேரட்டும், சிநேகிதமும் கிடைக்கும். டாக்டராக ஆசை என்றால் ஆஸ்பத்திரி கேட்பாள். அங்கே வயது வரம்பு, தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை என்று நிறைய உண்டு, பல மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும். வீடு கட்டிக்கொடுக்கிற ஹேபிடட் அமைப்பில் கட்டுமான இடத்துக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும்.

வண்டியையும் கணக்கில் வையுங்கள். மேரிலாந்தில் பழகுநர் உரிமம் 15 வயது 9 மாதத்தில், தனியாக ஓட்ட 16 வயது 6 மாதம். அதுவரை டிரைவர் நீங்கள்தான். ஒரே கார் வீடென்றால் ரைட் ஆன் என்கிற கவுண்டி பஸ் போகிற இடமாகப் பாருங்கள், அதில் டிக்கெட் கிடையாது.

விசா விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். எச்-4 பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. லாப நோக்கமில்லாத அமைப்பில் சம்பளமில்லாமல் சேவை செய்யலாம். நம்மவர் மளிகைக் கடையில் ‘சும்மா வந்து நில்லு’ என்பார்கள், கையெழுத்தும் போட்டுத் தருவார்கள். லாபத்துக்கு நடக்கிற கடையில் சும்மா செய்வதை அந்த நாட்டுச் சட்டம் சேவையாகவே எடுத்துக்கொள்ளாது, பள்ளியும் எடுக்காது. வேலைக்குப் பதில் கிஃப்ட் கார்டு தருகிறேன் என்றாலும் வாங்க வேண்டாம். சந்தேகம் வந்தால் உங்கள் கணவர் கம்பெனி வக்கீலிடம் ஒரு வார்த்தை.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் மகள்தான் அவருக்கு மாத்திரை கொடுத்து, தம்பியைப் பஸ்ஸிலிருந்து கூட்டிவருகிறாள், அதனால் நேரமில்லை என்று. அதை ஏன் குறையாகச் சொல்கிறீர்கள்? காமன் ஆப்பில் ‘குடும்பப் பொறுப்பு’ என்றே ஒரு வகை இருக்கிறது. வீட்டைத் தாங்குகிற பிள்ளையின் உழைப்பையும் சேவைக்குச் சமமாக மதிக்க வேண்டும் என்று ஹார்வர்டு கல்வியியல் பள்ளி 2016-ல் அறிக்கையே வெளியிட்டது. பள்ளி கேட்கிற 75-ல் அது சேராது என்றேன், கல்லூரிக்கான 10 இடத்தில் ஒன்றை அதற்கு வையுங்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்றால் பத்து என்றே எழுதட்டும்.

ஆகஸ்ட் கடைசியில் திரும்புகிறேன். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மகளை அந்த பாண்ட்ரிக்கு அழைத்து வாருங்கள், என் மகள் காலேஜ் போனதிலிருந்து பெட்டி பிரிக்க ஆள் குறைகிறது என்று நச்சரிக்கிறார்கள். விரல் மூடிய ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். என் பெட்டியில் இன்னும் நாலு கிலோ இடம் இருக்கிறது, சீப்புச் சீடையா மணகோலமா என்று சீக்கிரம் சொல்லுங்கள், செய்து தருகிற ஆச்சி திங்கட்கிழமை மாவு இடிக்கக் கொடுக்கிறாராம்.