கிரின்னல் கட்டுரை: ஆண்டுகள் ஏன் இடிக்கின்றன?

அமெரிக்க இயற்கையியலாளரும் இதழாசிரியருமான ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் பற்றிய உங்கள் கட்டுரை வரைவைப் படித்தேன். அவர் தொடங்கிய ஆடுபான் சங்கத்துக்கு (பறவைகளைக் காக்கும் அமைப்பு) 1886, 1905 என இரண்டு தொடக்க ஆண்டுகள் வருவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு அமைப்புகள். 1886-இல் அவர் தொடங்கியதில் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தார்கள். நடத்தத்தான் ஆளும் பணமும் இல்லை, சில ஆண்டுகளில் கலைத்துவிட்டார். 1905 இன்றைய தேசிய அமைப்பு பதிவான ஆண்டு.

காட்டுயிர்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டமான லேசி சட்டத்திலும் இதே வம்பு உண்டு; அந்தப் பெயரில் இரண்டு சட்டங்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் விலங்குகளைக் காத்தது 1894 சட்டம். கிரின்னலின் 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழ் போராடியது இதற்காக. 1900 சட்டம் மாநிலம் தாண்டிய வேட்டை வணிகத்தைப் பற்றியது.

உங்கள் வரைவில் 1895 ஒப்பந்தம் இல்லையே! பிளாக்ஃபீட் பழங்குடி மக்களின் மலைநிலத்தை 15 லட்சம் டாலருக்கு அரசு வாங்கியபோது அரசுக்காகப் பேரம் பேசிய ஆணையர்களில் கிரின்னலும் ஒருவர். அந்த நிலம்தான் 1910-இல் கிளேசியர் தேசியப் பூங்காவின் கிழக்குப் பகுதியானது. இதைப் 'பழங்குடிகளின் நண்பர்' என்ற தலைப்புக்குக் கீழேயே வையுங்கள்.