விரல் பட்ட வசனமும் கட்டார் வேலையும்

அன்புத் தம்பிக்கு,

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட அனுமதி கிடைத்திருக்கும் வேளையில் முகவர் ஒருவர் கட்டாருக்கு அழைக்கிறார் என்றும், கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்தபோது ஆபிராமைத் தன் தேசத்தை விட்டுப் புறப்படும்படி கர்த்தர் சொல்லும் ஆதியாகமம் 12:1இல் விரல் பட்டதால் அதுவே கர்த்தரின் பதிலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வயதில் நானும் கல்லடிக் கடற்கரையில் இருந்து அப்படிச் செய்தேன். 1 நாளாகமத்தின் வம்சவரலாறு, அதாவது வெறும் பெயர்ப்பட்டியல்தான் வந்தது.

இஸ்ரவேலை மீட்க அழைக்கப்பட்ட கிதியோன், ஆட்டுத்தோலைப் போட்டு அதில் மட்டும் பனி பெய்யவேண்டும் என்று கடவுளிடம் அடையாளம் கேட்டதை நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்தால், செய்யவேண்டியது அவருக்கு முன்னரே சொல்லப்பட்டுவிட்டது என்பதும், அவர் கேட்டது வழியை அல்ல, தைரியத்தையே என்பதும் விளங்கும். உங்கள் நிலைக்கு லூக்கா 14:28 பொருத்தமானது என்பது என் எண்ணம்: கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுகிறான்.

ஆகவே அப்பாவுடன் இருந்து, வீட்டுக் கடன் எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, முகவருக்குக் கொடுக்கும் பணத்தை மீட்க எத்தனை மாதச் சம்பளம் போகும் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். போதகரோடு செபிப்பதுடன், சபையில் கட்டாரிலிருந்து திரும்பிய ஒருவரிடமும் பேசுங்கள். போதகருக்கு அங்குள்ள வேலைத்தளம் தெரியாது. பல்கலைக்கழகப் பதிவுக்கான இறுதித் திகதியை இன்றே பாருங்கள். இவை முடியும்வரை கடவுச்சீட்டை எவரிடமும் கொடுக்க வேண்டாம்.