மாடல் விமானம், நிஜப் படம்: கேள்வி பதில்

ரேடியோ கன்ட்ரோல் ஸ்கேல் விமானங்களை (நிஜ விமானத்தை அளவு சுருக்கிச் செய்த மாடல்களை) பறக்கும்போது படமெடுப்பது பற்றி வடசென்னை நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. படத்தைப் பார்ப்பவர் இது மாடலா, நிஜமா என்று ஒரு நொடியாவது தயங்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கான பதில்கள்.

தண்டையார்பேட்டை: அண்ணே, நல்ல கேமரா இருக்கு, 400 எம்.எம். லென்ஸ் இருக்கு, நண்பரின் 1/5 ஸ்கேல் ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடலும் இருக்கு. ஆனா படத்தைப் பார்த்ததும் எல்லாரும் ‘பொம்மை’ன்னு சொல்லிடுறாங்க. ஏன்?

அண்ணாந்து எடுத்திருப்பீர்கள் தம்பி. நிஜ விமானத்தின் நல்ல படங்கள் பலவும் பக்கத்தில் பறக்கும் இன்னொரு விமானத்திலிருந்து எடுத்தவை. நம் கண் அந்தக் கோணத்துக்குப் பழகிவிட்டது. வயிற்றுப்பக்கம் தெரிந்தாலே மாடல் என்ற சந்தேகம் வந்துவிடும். போதாக்குறைக்கு சர்வோவின் (இறக்கை மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டாரின்) கம்பிகளும் அங்கேதான் தெரியும். அதனால் விமானம் உங்கள் கண் மட்டத்துக்கு இறங்கும் நேரத்தைப் பிடியுங்கள். தரையை விட்டு எழும்பும் நொடி, இறங்க வரும் கடைசி ஐம்பது மீட்டர், அப்புறம் உங்களுக்கு மேல்புறத்தைக் காட்டிச் சாய்ந்து திரும்பும் இடம்.

இன்னொன்று ஃபோகஸ் ஆழம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில், உங்கள் 400 எம்.எம். லென்ஸில், 20 மீட்டர் தூரத்தில், அபர்ச்சரை (லென்ஸ் துவாரத்தை) எஃப்/5.6 வைத்தால் கூர்மையாக வருவது ஒரு மீட்டருக்கும் குறைவு. உங்கள் ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை சுமார் 2.25 மீட்டர். ஒரு முனை கூர்மை, மறுமுனை மங்கல் என்று வந்தால் ‘இது சின்னப் பொருள்’ என்று மூளை உடனே கணக்குப் போட்டுவிடும். சில நூறு மீட்டர் தள்ளிப் பறக்கும் நிஜ விமானத்தில் இப்படி நடப்பதில்லை. எஃப்/11-க்குப் போங்கள், 1.6 மீட்டருக்கு மேல் கிடைக்கும். விமானம் சரியாகப் பக்கவாட்டில் வரும்போது உடல் முழுக்கக் கூர்மையாக வரும், இறக்கை முனைகள் மட்டும் லேசாக மங்கும். நல்ல வெயிலில் எஃப்/11, ஷட்டர் 1/500 நொடி, ஐ.எஸ்.ஓ. 250 தாராளமாக வரும்.

பின்னணியில் கருவேலமரம் வேண்டாம். காக்பிட்டை விடப் பெரிய கிளை தெரிந்தால் வேஷம் கலைந்துவிடும். டயரை மறைக்கும் புல்லும் அப்படித்தான்.

பெரம்பூர்: என்ன லென்ஸ் வாங்கலாம் சார்?

100-400 போன்ற ஜூம். கையில் 70-300 இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

திருவொற்றியூர்: 2024 அக்டோபர் 6 மெரினா ஏர் ஷோவில் விமானப்படையின் சூர்யகிரண் சாகச ஜெட் படங்கள் அருமையா வந்துச்சு. ஒரு மாடல் விமானத்தை ஃப்ரேமுக்குள்ள வைக்க முடியலை. எனக்கே வெட்கமா இருக்கு.

வெட்கம் எதற்கு? கணக்கைப் பாருங்கள். ஜெட் 500 மீட்டர் தூரத்தில் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவை நொடிக்குச் சுமார் 16 டிகிரி திருப்பினால் போதும். மாடல் 25 மீட்டர் தூரத்தில் 70 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்குச் சுமார் 45 டிகிரி. மாடல்தான் கஷ்டம். விமானம் உங்களைக் கடக்கும் இடத்துக்கு நேராகக் கால்களை ஊன்றி, இடுப்பை மட்டும் அது வரும் பக்கம் திருப்பிக் காத்திருங்கள். ஷட்டரை விட்ட பிறகும் திரும்பிக்கொண்டே இருங்கள். தொடர் ஃபோகஸ், தொடர் கிளிக் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வியூஃபைண்டரில் ஒரு கண்ணை வைத்தவருக்குச் சுற்றி நடப்பது தெரியாது. பைலட் (ரிமோட்டில் பறக்கவிடுபவர்) நிற்கும் கோட்டுக்கு முன்னால் போகவே போகாதீர்கள். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, ‘வருது, விலகு’ என்று சொல்லச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி: மொபைலில் எடுக்கலாமா ப்ரோ?

எடுக்கலாம், ஆனால் ப்ராப் (மூக்கில் சுற்றும் ப்ரொப்பெல்லர்) வாழைப்பழம் மாதிரி வளைந்து வரும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் அப்படி. கேமராவிலும் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுங்கள்.

ராயபுரம்: ப்ராப் விமானம் என்றால் ஷட்டர் 1/160 என்பது உலகமே ஒத்துக்கொண்ட விதி. நீங்கள் 1/500 என்கிறீர்கள். தப்பாச்சே?

அந்த விதி நிஜ விமானத்துக்கு. அதன் ப்ராப் நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் நொடிக்கு 40. 1/160 நொடியில் ஒவ்வொரு பிளேடும் 90 டிகிரி நகரும், அழகான மங்கல் கிடைக்கும். 16 அங்குல ப்ராப் போட்ட எலக்ட்ரிக் மாடல் 8,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 133. அதற்கு 1/160 வைத்தால் 300 டிகிரி. பிளேடு இருந்த அடையாளமே இருக்காது. 1/500-ல் 96 டிகிரி. நிஜ விமானத்தின் 1/160-க்கு மாடலில் ஈடு இதுதான். பெரிய பெட்ரோல் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், அதற்கு 1/400 வையுங்கள். டர்பைன் ஜெட்டுக்கு ப்ராப்பே இல்லை, 1/1600 போய்விடுங்கள்.

ராயபுரம், மறுபடியும்: முழு வட்டம் வந்தால்தான் அழகு. கணக்கு அழகைச் சொல்லாது.

சரி, முழு வட்டம் உங்கள் ரசனை. ஆனால் 1/160-ல் நொடிக்கு 45 டிகிரி திருப்பும்போது விமானமும் சேர்ந்து மங்கும். நூறில் எத்தனை படம் தேறுகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை: சண்டையே வேண்டாம். 1/4000-ல் கூர்மையா எடுத்துட்டு, கணினியில் ப்ராப்பைச் சுழற்றி மங்க வச்சா?

எரிச்சலைக் கிளப்புகிறீர்கள். பக்கவாட்டில் ப்ராப் வட்டமாகத் தெரியாது, ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். அந்தச் சாய்வுக்கு ஏற்ற மங்கலை வரைய வேண்டும். ப்ராப்புக்குப் பின்னால் இன்ஜின் மூடி ஊடாகத் தெரிய வேண்டும், பிளேடின் மஞ்சள் முனை மெல்லிய வளையமாக வர வேண்டும். இவ்வளவும் செய்தாலும், 1/4000-ல் பின்னணி உறைந்து நிற்கும். ப்ராப் மட்டும் சுற்றும். ஆன்டெனாவை அழியுங்கள், தூசியை அழியுங்கள், நான் எதுவும் சொல்ல மாட்டேன். ப்ராப்பைக் களத்திலேயே சுற்றவிடுங்கள்.

ராயபுரம்: அப்போ ஆன்டெனாவை அழிப்பது மட்டும் நேர்மையா?

போட்டிக்கு அனுப்பினால் போட்டி விதியைப் பாருங்கள். சுவரில் மாட்டுவதற்கு என்றால் உங்கள் இஷ்டம். ராயபுரத்துக்கு இன்றைய கணக்கு முடிந்தது.

எண்ணூர்: காலை வெளிச்சம் நல்லா இருக்கு, ஆனா இறங்கும்போது மூக்கு எப்பவும் இருட்டு. கேமரா கோளாறா?

இன்றைக்கு வந்ததில் சிறந்த கேள்வி. கோளாறு கேமராவில் இல்லை, காற்றில். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். நம் கடற்கரையில் விடிகாலைக் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து வரும். அதனால் விமானம் மேற்கே பார்த்து இறங்கும். சூரியன் கிழக்கே, அதன் வாலுக்குப் பின்னால். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறும். அப்போது கிழக்கே பார்த்து இறங்கும், சூரியனோ மேற்கே போயிருக்கும். இரண்டு வேளையும் மூக்கில் நிழல்தான்! பைலட்டிடம் காற்றோடு போகும் திசையில் தாழ்வாக ஒரு முறை கடக்கச் சொல்லுங்கள், மூக்கில் வெயில் விழும். வேகம் கூடும், தயாராக நில்லுங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். கிழக்கு மேற்கான ஓடுபாதை என்றால் தெற்குப் பக்கம் நின்று வடக்கே பார்த்து எடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து எழும் அனல் கூர்மையைத் தின்றுவிடும். வெள்ளை வானம் பின்னணி என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தை இரு மடங்கு) கூட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் லென்ஸில் படிந்த உப்பைத் துடையுங்கள்.

பைலட்டுக்கு முன்னால் போய் நின்றால் மூக்கில் வெயில் கிடைக்குமே என்று யோசிக்காதீர்கள்.

மணலி: எங்க ஏரியாவிலேயே பறக்கவிட்டு எடுக்கலாமா?

சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், துறைமுகம் எல்லாம் சுற்றி இருக்கும் ஊர் நம்முடையது. 2021 ட்ரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதள வரைபடத்தில் அந்த இடம் சிவப்பா (தடை), மஞ்சளா (அனுமதி வேண்டும்), பச்சையா (பறக்கலாம்) என்று பார்த்துவிட்டுத்தான் பைலட் விமானத்தை எடுக்க வேண்டும். உங்கள் ஃப்ரேமிலும் அந்த இடங்கள் வர வேண்டாம்.

செங்குன்றம்: சோழவரம் ஓடுபாதைக்குப் போகலாமா?

இரண்டாம் உலகப்போர் கால ஓடுபாதை, பிறகு மோட்டார் பந்தயம் நடந்த இடம். ஆசை புரிகிறது. அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

மாதவரம்: முதல் மாடல் விமானம் எது வாங்கலாம்?

பறக்கவிடுபவரிடம் கேளுங்கள். நான் படம் மட்டும் எடுப்பவன்.

புதுவண்ணாரப்பேட்டை: சார், 150-600 லென்ஸா, 200-500 லென்ஸா?

20 மீட்டரில் 500-ஐ வைத்துக்கொண்டு வாலை மட்டுமா எடுப்பீர்கள்? பெரம்பூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மீஞ்சூர்: என்ன லென்ஸ் சார் நல்லது?

பெரம்பூர்.