அயர்லாந்தா, சிங்கப்பூரா?

வணக்கம் சார்,

அயர்லாந்து, சிங்கப்பூர் இரண்டிலும் மக்கள்தொகை ஐம்பது அறுபது லட்சம்தான். இரண்டின் தொழில் உற்பத்திக் குறியீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பிப்ரவரியில் சிங்கப்பூர் முந்தைய ஆண்டைவிடச் சரிந்திருக்கிறது, அயர்லாந்து எகிறியிருக்கிறது. குறியீட்டு எண்ணும் அயர்லாந்துக்குத்தான் அதிகம். அப்படியென்றால் உற்பத்தியில் அயர்லாந்து முந்திவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எடுத்துக்கொள்ள முடியாது. குறியீடு என்பது ஒவ்வொரு நாடும் ஏதோ ஓர் ஆண்டை 100 என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து எவ்வளவு ஏறினோம் இறங்கினோம் என்று போடும் கணக்கு. போன வருடத்தைவிட நீங்கள் ஐந்து கிலோ கூடிவிட்டீர்கள், நான் இரண்டு கிலோதான் கூடினேன் என்றால் நம்மில் யார் கனம் என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா? அளவை ஒப்பிட வேண்டுமென்றால் கூட்டு மதிப்பைப் பாருங்கள், அதாவது விற்ற தொகையில் மூலப்பொருளுக்கும் பிறரிடம் வாங்கியதற்கும் போனதைக் கழித்து மிஞ்சுவதை. மொத்த விற்பனையை எடுத்தால் ஜூரோங் தீவின் சுத்திகரிப்பு ஆலைகள் சிங்கப்பூர்க் கணக்கை ஊதிவிடும்; கச்சா எண்ணெய் முழுக்க இறக்குமதி, அதன் விலையும் அந்தத் தொகைக்குள்ளேயே இருக்கும்.

சரி, கூட்டு மதிப்பை எடுத்துவிட்டால் முடிந்ததா? அயர்லாந்தைப் பொறுத்தவரை சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. முந்தைய ஆண்டு ஜிடிபி 26 சதவீதம் வளர்ந்துவிட்டது என்று 2016 ஜூலையில் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அறிவித்தபோது யாரும் நம்பவில்லை, நோபல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர் பால் க்ரூக்மன் அதை ஐரிஷ் நாட்டுப்புறக் கதைகளில் வரும் குள்ளப் பூதத்தின் பெயரால் 'லெப்ரகான் பொருளாதாரம்' என்று கிண்டலடித்தார். 2015இல் அங்கே தொழிற்சாலைகள் திடீரென்று பெருகிவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை மாதிரியான சொத்துகளை அப்போது 12.5 சதவீத நிறுவன வரி இருந்த அயர்லாந்தின் கிளைகளுக்கு மாற்றின, விமானங்களை வாடகைக்கு விடும் கம்பெனிகளும் சொத்துகளைக் கொண்டுவந்தன. அப்புறம் ஒப்பந்த உற்பத்தி என்று ஒன்று இருக்கிறது. அயர்லாந்தில் பதிவான கம்பெனி, ஆசியாவில் ஓர் ஆலைக்குக் கூலி கொடுத்துப் பொருளைச் செய்ய வைத்து, அங்கிருந்தே மூன்றாவது நாட்டுக்கு விற்கிறது. அந்தப் பெட்டி அயர்லாந்து மண்ணைத் தொடவே தொடாது, ஆனால் பொருளின் உரிமை அந்தக் கம்பெனியிடம் இருப்பதால் அது அயர்லாந்து ஏற்றுமதி. இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை, சர்வதேசக் கணக்கு விதியே அப்படித்தான்! யூரோ மண்டலம் முழுமைக்குமான தொழில் உற்பத்தி எண்ணையே இந்தச் சின்ன நாடு சில மாதங்களில் ஆட்டிவைக்கிறது, அதனால் அயர்லாந்தை நீக்கிவிட்டுப் பார்ப்பது ஆய்வாளர்களுக்குப் பழகிவிட்டது. அந்நாட்டு அலுவலகமே 2017இல் இந்த வீக்கத்தைக் கழித்து, திருத்திய தேசிய வருமானம் என்று தனியாக ஓர் எண்ணை வெளியிடத் தொடங்கியது.

அதற்காக அயர்லாந்தில் தொழிலே இல்லை என்று போய்விடாதீர்கள். கார்க் நகரத்துப் பக்கம் ரிங்காஸ்கிடியில் மருந்து ஆலைகள், லீக்ஸ்லிப்பில் இன்டெலின் சிப் ஆலை, எல்லாம் நிஜமாகவே ஓடுகின்றன. மாதக் குறியீட்டை அவர்கள் நவீனப் பிரிவு, பாரம்பரியப் பிரிவு என்று பிரித்தும் தருகிறார்கள். மருந்தும் மின்னணுவும் முதல் பிரிவில்; உணவு போன்றவை உள்ள இரண்டாவதைப் பார்த்தால் உள்ளூர் நிலவரம் ஓரளவு பிடிபடும்.

சிங்கப்பூரிலும் வெளிநாட்டுக் கம்பெனிகள்தான், லாபத்தில் பெரும்பங்கு வெளியேதான் போகிறது. ஆனாலும் அந்த எண்ணுக்குப் பின்னால் அந்தத் தீவிலேயே ஓடும் இயந்திரங்கள் இருக்கின்றன என்பதால் நான் அதைக் கூடுதலாக நம்புவேன். மாத எண்ணை மட்டும் நம்ப மாட்டேன். மருந்து ஆலை ஒரு மருந்துக்கான மூலப்பொருளைத் தயாரிப்பதிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலே எண் தலைகீழாகும், ஆகவேதான் இந்த எண்ணை வெளியிடும் சிங்கப்பூர் அரசின் பொருளாதார வளர்ச்சிக் கழகம் உயிர்மருத்துவத் துறையை நீக்கிய எண்ணையும் கூடவே தருகிறது.

கடைசியாக, நீங்கள் பார்த்தது பிப்ரவரி எண். சீனப் புத்தாண்டு ஓர் ஆண்டு ஜனவரியிலும் இன்னோர் ஆண்டு பிப்ரவரியிலும் வரும், விடுமுறை விழுந்த மாதத்தில் உற்பத்தி குறையத்தான் செய்யும். இரண்டு மாதத்தையும் கூட்டி, முந்தைய ஆண்டின் அதே இரண்டு மாதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் சரிவு தெரிந்தால் எழுதுங்கள், பேசுவோம்.