எந்த ஐபீஸ் வாங்கலாம்? வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல ஐபீஸ் பத்தித்தான், அதாவது டெலஸ்கோப்புல நாம கண்ணு வச்சுப் பாக்கற, கழட்டி மாட்டற லென்ஸ். டெலஸ்கோப் வாங்கியாச்சு, நிலாவப் பாத்தாச்சு, அடுத்து என்ன வாங்கறதுன்னு எல்லாரும் கேட்டிருக்கீங்க. அதனால மத்ததை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வச்சிட்டு இந்தத் தடவை இது மட்டும்.

"2019 டிசம்பர் கங்கண கிரகணம் எங்க ஊர்ல தெரிஞ்சப்போ அப்பா ஒரு டெலஸ்கோப் வாங்கித் தந்தார். டியூப்ல 76/700னு இருக்கு. ஹெச் 20, ஹெச் 12.5, எஸ்ஆர் 4னு மூணு ஐபீஸ், ஒரு 3 மடங்கு பார்லோ. பெட்டியில 525 மடங்குன்னு போட்டிருக்கு அண்ணா. ஆனா எஸ்ஆர் 4 போட்டா சனி கலங்கலா தெரியுது, கூட பார்லோவும் போட்டா ஒண்ணுமே தெரியல. டெலஸ்கோப் கெட்டுப்போச்சா? 5,000 ரூபாய் சேத்து வச்சிருக்கேன், என்ன வாங்கலாம்?" (பத்தாம் வகுப்பு மாணவன், கரூர்)

தம்பி, உன் டெலஸ்கோப்புக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாத. அந்த 525 எங்கேர்ந்து வந்துச்சுன்னு முதல்ல பாத்துடலாம். 700ங்கறது உன் டெலஸ்கோப்புக்குள்ள வெளிச்சத்தைச் சேக்கற கண்ணாடியோட போகல் லெங்த், அதாவது ஒளி குவியற தூரம், மில்லிமீட்டர்ல. அதை ஐபீஸ் மேல இருக்கற நம்பரால வகுத்தா எத்தனை மடங்குன்னு வந்துடும். 700ஐ 4ஆல வகுத்தா 175, பார்லோங்கறது ஐபீஸுக்கு முன்னாடி மாட்டி பவரைப் பெருக்கற லென்ஸ், அதைப் போட்டா மூணு மடங்காகி 525. கணக்கு சரிதான், ஆனா 76 மில்லிமீட்டர் கண்ணாடி அதைத் தாங்காது. கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் அகலமோ அதுக்கு ரெண்டு மடங்கு வரைக்கும்தான் பிரயோஜனமான பவர், அதுவும் வானம் அசையாம நல்லா இருந்தா. உனக்கு அது 152. அப்போ எஸ்ஆர் 4 தனியாவே எல்லையத் தாண்டிடுச்சு பாத்தியா. ஒரு கரண்டி மாவை கல்லு முழுக்க இழுத்தா தோசை பெரிசாகும், ஆனா அங்கங்க கிழிஞ்சு ஓட்டை விழும், மாவு அதே ஒரு கரண்டிதானே. கண்ணாடி சேக்கற வெளிச்சமும் அப்படித்தான்.

அந்த எஸ்ஆர் 4ஐ பகல்ல கையில எடுத்து வெளிச்சத்துல பாரு. கண்ணு வைக்கிற பக்கம் லென்ஸ் எவ்வளவு சின்னது, கிட்டத்தட்ட ஒரு மிளகு. அதுல பாக்கணும்னா கண்ணு இமை லென்ஸ்ல உரசற அளவுக்கு ஒட்டி வைக்கணும், உரசினா இமையில இருக்கற எண்ணெய் கண்ணாடியில கோடு போட்டுடும், அப்புறம் சனி இன்னும் கலங்கும். இன்னொண்ணு, வானம் ஒரு டிகிரி நகர நாலு நிமிஷம் ஆகும், எஸ்ஆர் 4ல தெரியற வட்டம் ஒரு டிகிரியில ஆறுல ஒரு பங்குதான், அப்போ சனிய நடுவுல கொண்டு வந்து போகஸ் பண்றதுக்குள்ள, சுமார் முக்கால் நிமிஷத்துல, அது வெளிய ஓடிடும். இதனாலயே எத்தனையோ பிள்ளைங்க சலிச்சுப்போய் டெலஸ்கோப்பைப் பரண்ல ஏத்திடறாங்க, அதைப் பாக்கும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

நீ முதல்ல வாங்க வேண்டியது 25 மில்லிமீட்டர் ப்ளாசல். 1860ல வியன்னாவுல ப்ளாசல்ங்கறவர் கண்டுபிடிச்ச டிசைன், இன்னிக்கும் ஆரம்பக்காரங்களுக்கு அதை விட நம்பிக்கையானது கிடையாது. உனக்கு 28 மடங்கு வரும், தெரியற வட்டம் ஏறக்குறைய 1.8 டிகிரி, கார்த்திகைக் கூட்டம் முழுசா அடங்கும், ஒரு நட்சத்திரம் ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் போக ஏழு நிமிஷம் ஆகும். பவர் கம்மியா இருக்கேன்னு நினைக்காத, வானத்துல எதையும் தேடிப் பிடிக்கறது இந்த ஐபீஸ்லதான், பிடிச்ச பிறகுதான் மத்தது. ரெண்டாவது 9 மில்லிமீட்டர், கண்ணுக்கு வட்டத்தை 66 டிகிரி அகலமா விரிச்சுக் காட்டறது (வானத்துல தெரியற அளவு இல்ல இது), உடம்புல தங்கக் கோடோ சிவப்புக் கோடோ போட்டு வரும். அதுல 78 மடங்கு, சனியோட வளையம் தனியா, வியாழனோட பட்டை ரெண்டு எல்லாம் கூர்மையா தெரியும். இந்த ரெண்டோட ஒரு ஆறு மாசம் நிறுத்திக்க. அப்புறம் ஆசை இருந்தா 6 மில்லிமீட்டர் வாங்கு, 117 மடங்கு, உன் கண்ணாடிக்கு அதுக்கு மேல வேண்டாம்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, மறந்துடாத. ஐபீஸ் நுழையற குழாயோட உள் அகலத்தை ஸ்கேல் வச்சு அள. 31.7 மில்லிமீட்டர், அதாவது ஒண்ணேகால் இன்ச் இருந்தா கவலையில்ல, இன்னிக்கு கடையில கிடைக்கறது பெரும்பாலும் அந்த சைஸ்தான். சில பழைய மாடல்ல 24.5 இருக்கும், அதுக்கு அடாப்டர் வேணும், அளக்காம ஆர்டர் போட்டா ஐபீஸ் உள்ளயே போகாது.

மிச்சக் காசுல ஒரு ரெட் டாட் பைண்டர், அதாவது சிவப்புப் புள்ளி காட்டி வானத்துல குறி வைக்க உதவற கருவி, வாங்கிக்க, உன் டியூப் மேல இருக்கற பிளாஸ்டிக் பைண்டர்ல நிலாவைத் தவிர எதையும் பிடிக்கறது கஷ்டம். காசே இல்லாத அக்சஸரி ஒண்ணும் சொல்றேன், ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலைக் கயித்துல கட்டி ட்ரைபாட் நடுவுல தொங்க விடு, தொட்டா ஆடற ஆட்டம் பாதியா குறையும். அப்புறம் சனி வளையம் மெலிசா தெரியுதுன்னு வருத்தப்படாத. 2025 மார்ச்சுல அது நமக்கு நேர் விளிம்பா திரும்பி ஏறக்குறைய மறைஞ்சே போச்சு, இப்போ கொஞ்சம் கொஞ்சமா விரியுது, வருஷா வருஷம் அகலமாகும்.

"ஓய்வு பெற்ற ஆசிரியை நான். மகன் 130/650 டெலஸ்கோப் அனுப்பியிருக்கான். கூட வந்த 10 மில்லிமீட்டர் ஐபீஸ்ல மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தா ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுத் தெரியுது, கழட்டினா போகஸ் போகுது. கண்ணாடி போடறவங்களுக்குத் தனி ஐபீஸ் இருக்கா?" (சிதம்பரம்)

இருக்கு டீச்சர். முதல்ல உங்க கண்ணாடிச் சீட்டை எடுத்துப் பாருங்க. சிலிண்டர்ங்கற கட்டத்துல ஒண்ணுமே எழுதலேன்னா, வெறும் கிட்டப்பார்வை தூரப்பார்வைதான்னா, கண்ணாடிய கழட்டிட்டு போகஸ் குமிழைத் திருகுங்க, படம் தானா தெளிவாகிடும், உங்க பவரை டெலஸ்கோப்பே ஈடு கட்டிடும். சிலிண்டர் பவர் இருந்தாத்தான் கண்ணாடி வேணும், அதுவும் கம்மி மடங்குல பாக்கும்போதுதான் அந்தக் குறை தெரியும், பெரிய மடங்குல ஐபீஸ்லேர்ந்து வர்ற ஒளிக்கத்தை ரொம்ப மெல்லிசாகிடறதால அவ்வளவா தெரியாது.

கண்ணாடியோடதான் பாக்கணும்னா ஐபீஸ்லேர்ந்து கண்ணு வைக்கிற தூரம், ஐ ரிலீப்னு சொல்லுவாங்க, 15 மில்லிமீட்டராவது இருக்கணும். ப்ளாசல்ல இது நம்பர்ல முக்கால் பங்குக்குக் கிட்ட வரும், 25ல நல்லா இருக்கும், 10ல ஏழோ எட்டோதான். அதனாலதான் உங்களுக்கு ஓரம் வெட்டுப்படுது. உங்களுக்கு நான் சொல்றது 8லேர்ந்து 24 வரைக்கும் போற ஜூம் ஐபீஸ் ஒண்ணு, ஒரு நல்ல 2 மடங்கு பார்லோ ஒண்ணு. இருட்டுல ஐபீஸ் மாத்திக்கிட்டு, கீழ விழுந்துடுமோன்னு தடவிக்கிட்டு நிக்க வேண்டாம், வளையத்தைத் திருகினா போதும், 27 மடங்குலேர்ந்து 81 வரைக்கும், பார்லோவோட 162 வரைக்கும் வந்துடும். குறையும் சொல்லிடறேன், 24ல வைக்கும்போது வட்டம் குறுகலா, குழாய் வழியா எட்டிப் பாக்கற மாதிரி இருக்கும், அதனால பெட்டியில 25 மில்லிமீட்டர் ஐபீஸும் வந்திருந்தா அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

இன்னொரு விஷயம் டீச்சர், உங்களோடது 650ஐ 130ஆல வகுத்தா 5, எஃப் 5 டெலஸ்கோப். இந்த நம்பர் இப்படிக் கம்மியா இருந்தா டியூபுக்குள்ள இருக்கற ரெண்டு கண்ணாடியும் நேர்க்கோட்டுல இருக்கணும், கொஞ்சம் பிசகினாலும் எந்த ஐபீஸ் போட்டாலும் நட்சத்திரம் வால் வச்ச மாதிரி இருக்கும். சரி பண்ண லேசர் வாங்கணும்னு சொல்லுவாங்க, விலை கம்மியான லேசர் அதுவே கோணலா இருக்கும், குழாய்ல வச்சு சுத்திப் பாத்தா புள்ளி ஒரே இடத்துல நிக்காம வட்டம் போடும், அதை நம்பி திருகினா உள்ளதும் போயிடும். ஐபீஸ் மாட்டற குழாயோட (போக்கஸர்) மூடி இருக்கே, அதுக்கு நட்ட நடுவுல சின்னதா ஒரு ஓட்டை போட்டு அது வழியா பாத்து சரி பண்ணுங்க, போதும்.

"டெலஸ்கோப்ல மலைக்கோட்டையப் பாத்தா தலைகீழா தெரியுது சார், எதாவது லென்ஸ் மாட்டணுமா?" (திருச்சி)

கண்ணாடி வச்ச நியூட்டன் வகை டெலஸ்கோப் அப்படித்தான் காட்டும், வானத்துல மேல கீழன்னு கிடையாதுங்கறதால யாரும் அதைத் திருப்ப மெனக்கெடறதில்ல. பெட்டியில வர்ற 1.5 மடங்கு எரெக்டிங் ஐபீஸ் நிமித்திக் காட்டும், கூடவே படத்தை மங்கவும் வச்சிடும். மலைக்கோட்டைக்கு ஒரு பைனாகுலர் வாங்குங்க.

"கடைக்காரர் ஏழு கலர் பில்டர் செட் வாங்கச் சொல்றார். அதுலயே சூரிய பில்டரும் இருக்காம். பசங்களுக்கு சூரியப் புள்ளி காட்டலாமான்னு ஆசை." (மதுரை)

கலர் பில்டர் வேண்டாம், 4 இன்ச் 5 இன்ச் டெலஸ்கோப்புல அதோட பலன் ரொம்பக் கம்மி. நிலா கண்ணு கூசுதுன்னா மாடி லைட்டைப் போட்டுக்கிட்டுப் பாருங்க, இல்ல டியூப் மூடியில இருக்கற சின்ன ஓட்டையை மட்டும் திறந்து பாருங்க, அதுக்காகத்தான் அந்த ஓட்டை வச்சிருக்காங்க.

சூரிய பில்டர் விஷயத்துக்கு மட்டும் கொஞ்சம் நின்னு படிங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். ஐபீஸ் அடியில திருகற அந்தக் கருப்புக் கண்ணாடிய தயவு செஞ்சு உபயோகிக்காதீங்க. மொத்தக் கண்ணாடியும் சேத்த வெயில் அத்தனையும் அந்த ஒரு சின்ன வட்டத்துலதான் வந்து விழுது. ரொம்ப வருஷம் முன்னாடி நான் வாங்கின ஒரு பழைய டெலஸ்கோப்போட இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, சூரியனுக்கு நேரா வச்சு ஒரு சில நிமிஷத்துல "டிக்"குனு ஒரு சத்தம், எடுத்துப் பாத்தா நடுவுல முடி மாதிரி ஒரு விரிசல், தொட முடியாத சூடு. அந்த நேரம் பாத்து நான் பைண்டரை சரி பண்ண விலகியிருந்தேன், என் கண்ணு தப்பிச்சது அதனாலதான். அந்த பில்டரை அன்னிக்கே சுத்தியலால உடைச்சுப் போட்டேன், வேற யார் கைக்கும் போகக்கூடாதுன்னு.

சூரியனுக்கு பில்டர் டியூபோட முன் வாயில, வெயில் உள்ள நுழையறதுக்கு முன்னாடி இருக்கணும். பாடர் கம்பெனியோட ஆஸ்ட்ரோசோலார் பிலிம் ஷீட்டா கிடைக்குது, ஒளியை லட்சத்துல ஒரு பங்காக்கி அனுப்பும். அட்டையில வளையம் செஞ்சு, காத்துக்கு கழண்டு விழாதபடி டேப் போட்டு மாட்டணும், ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துல பிடிச்சு பொத்தல் இருக்கான்னு பாக்கணும், பைண்டருக்கும் மூடி போடணும், பசங்க அது வழியா எட்டிப் பாத்துடுவாங்க. இவ்வளவும் பண்ணிட்டு சூரியப் புள்ளி காட்டுங்க, பசங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க.

"தூத்துக்குடி கடல் காத்துல ஐபீஸ் உள்ள சிலந்தி வலை மாதிரி வந்துடுச்சு. துடைச்சாலும் போகல."

அது பங்கஸ் சார், பூஞ்சை, உள் லென்ஸ்ல பிடிச்சிருக்கு, வெளிய துடைச்சு பிரயோஜனம் இல்ல. விலை கம்மியான ஐபீஸ்னா விட்டுடுங்க, மத்ததைக் காப்பாத்துங்க. லெதர் பையில வைக்காதீங்க, ஈரத்தை இழுத்து வச்சுக்கும். இறுக்கமா மூடற எவர்சில்வர் டப்பாவுல சிலிகா ஜெல் பொட்டலத்தோட வைங்க, நீல நிற ஜெல் ரோஸ் கலருக்கு மாறினா ஈரம் ஏறிடுச்சுன்னு அர்த்தம், வாணலியில சிம்ல வறுத்தா திரும்ப நீலமாகும், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியா இருக்கட்டும். பாத்து முடிச்சதும் பனி ஈரத்தோட மூடி போட்டுடாதீங்க, பேன் காத்துல அரை மணி வச்சு அப்புறம் மூடுங்க. தூசி விழுந்தா ரப்பர் ப்ளோயர் மட்டும், வேட்டி நுனி கைக்குட்டை எல்லாம் கூடாது.

"25 மில்லிமீட்டர் ப்ளாசல் வாங்கிட்டேன் அண்ணே. நிலா, வியாழன் பாத்தாச்சு. எங்க ஊர்லேர்ந்து அதுல பாக்க நல்லதா ஒண்ணு சொல்லுங்க." (நாகர்கோவில்)

ஒமேகா சென்டாரி, பந்து மாதிரி திரண்டிருக்கற நட்சத்திரக் கூட்டம். வால்நட்சத்திரத்துக்குப் பேர் வந்த ஹேலி 1677ல செயின்ட் ஹெலினா தீவுலேர்ந்து அதைப் பாத்தார், லண்டன்ல அது உதிக்கவே உதிக்காது. உங்க மொட்டைமாடியிலேர்ந்து 34 டிகிரி உயரத்துல நிக்கும். மே மாசக் கடைசியில ராத்திரி 9 மணி சுமாருக்கு சித்திரை நட்சத்திரம் தெற்குப் பக்கம் உச்சிக்கு வரும், அதுக்கு நேர் கீழ, கைய நீட்டி முஷ்டிய மடக்கி மூணரை முஷ்டி இறங்குங்க. மங்கலான ஒரு நட்சத்திரம் மாதிரி இருக்கும், 25ஐ போட்டு அங்க வைங்க. முதல்ல பால் கொட்டின மாதிரி ஒரு திட்டு, நிலா அகலத்துக்கு. உடனே கண்ணை எடுத்துடாதீங்க. மாடி லைட்டு, போன் எல்லாத்தையும் அணைச்சிட்டு கால் மணி நேரம் இருட்டுல இருந்துட்டு வந்து, நேரா பாக்காம லேசா ஓரக்கண்ணால பாருங்க, அந்தப் பால் திட்டோட ஓரத்துல பொடிப்பொடியா நட்சத்திரம் பிரிய ஆரம்பிக்கும்.