பெரியப்பா சொல்லும் 200 வருஷம்

கேள்வி: என் அப்பாவின் அத்தை குன்னூரில் பியானோ டீச்சராக இருந்தவர். அவர் காலமான பிறகு அந்தப் பியானோ எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. சுவரோரம் நிற்கிற வகை, மெழுகுவத்தி வைக்க இரண்டு பித்தளைத் தாங்கிகள் உண்டு. மூடியின் உள்பக்கம் எழுத்துகள் பாதி அழிந்து 'பெர்லின்', '1853', கீழே 'மிஸ்க்வித், மதறாஸ்' என்பது மட்டும் தெரிகிறது. பெரியப்பா 200 வருஷப் பழசு என்கிறார், மகள் 1853தான் என்கிறாள். யார் சொல்வது சரி?
- வாசகி, கோவை

பதில்: இரண்டு பேரும் இல்லை. பெர்லின், 1853 என்றால் அநேகமாக பெக்ஸ்டைன். கம்பெனி ஆரம்பித்த வருஷம் அது. (லைப்ஸிக்கின் புளூத்னர், நியூயார்க்கின் ஸ்டைன்வே இரண்டும்கூட அதே வருஷம்தான், என்ன ராசியோ.) நகைக்கடைப் பையில் கடை ஆரம்பித்த வருஷம் போட்டிருந்தால் உள்ளே இருக்கிற தோடும் அன்றைக்குச் செய்ததா என்ன? மிஸ்க்வித் என்பது விற்ற கடை. 1842இல் மதறாஸில் தொடங்கியது, இன்று அண்ணா சாலையில் இருக்கும் மியூஸி மியூஸிகல்தான் அது.

வயதைச் சொல்வது உள்ளே இருக்கும் எண். மேல் மூடியைத் திறந்தால் முன்பலகையைப் பிடித்திருக்கும் கொக்கிகள் இரண்டு பக்கமும் தெரியும், அவற்றைத் திருப்பிவிட்டுப் பலகையைத் தூக்குங்கள், ஆனால் கனமாக இருக்கும், பெரியப்பாவை ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள். இரும்புச் சட்டத்திலோ பக்கத்து மரத்திலோ ஐந்தாறு இலக்க எண் ஒன்று இருக்கும். சட்டத்தை வார்த்தபோது போட்ட எண்களும் கலந்து கிடக்கும், அதனால் ஒரே எண் இரண்டு இடத்தில் வந்தால் அதை நம்பலாம். ஸ்டைன்வேயின் 1,00,000ஆவது பியானோ 1903இல் வெள்ளை மாளிகைக்குப் போனது, 3,00,000ஆவது 1938இல் போனது. இப்படி எந்த வருஷம் எந்த எண் என்று பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் பட்டியல் உண்டு, இணையத்திலேயே கிடைக்கிறது. ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம், அப்புறம் கப்பல் ஏறி வந்து கடையில் கிடந்த காலம் வேறு.

எண் அழிந்திருந்தால் துப்பறிய வேண்டியதுதான். 'மேட் இன் ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அநேகமாக 1887க்குப் பிந்தையது, அந்த வருஷம் வந்த பிரிட்டிஷ் சட்டத்துக்குப் பிறகுதான் அப்படிப் போடுவது வழக்கமானது. கண்காட்சிகளில் கம்பெனி வாங்கிய பதக்கங்களின் படங்கள் மூடியில் இருந்தால் கடைசிப் பதக்கத்தின் வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க முடியாது. இடது ஓரத்து முதல் கட்டையின் பக்கவாட்டில் வேலை செய்தவர் பென்சிலால் தேதி கிறுக்கி வைத்திருப்பதும் உண்டு, அதை நீங்களே பிடுங்கிப் பார்க்காதீர்கள், ட்யூனர் வரும்போது பார்க்கச் சொல்லுங்கள். மெழுகுவத்தித் தாங்கி பழசு என்று சொல்லுமே தவிர வருஷம் சொல்லாது.

இன்னொன்று. வெள்ளைக் கட்டைகளின் மேல் மெல்லிய ரேகையும், முன்துண்டும் பின்துண்டும் சேரும் இடத்தில் மயிரிழைக் கோடும் தெரிந்தால் அது யானைத் தந்தமாக இருக்கலாம். நம் நாட்டில் தந்த வியாபாரத்துக்குத் தடை, விற்கிற யோசனை இருந்தால் முதலில் வனத்துறையில் கேளுங்கள்.

தயவுசெய்து அந்தத் தங்க எழுத்துகளைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், பாதியாவது மிஞ்சட்டும். எண் கிடைத்தால் எழுதுங்கள், நானும் பார்க்கிறேன்.