முட்டிக்குக் கீழே பிளேட் வைத்து மூன்று மாதமாகிறது. "இன்னுமா சரியாகல?" என்று கேட்பவர்களை எப்படிச் சமாளிப்பது?

வீட்டில் பழையபடி வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், ஆபீசில் சீக்கிரம் சேரச் சொல்கிறார்கள், உங்களுக்கோ இன்னும் வாக்கர் இல்லாமல் முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே இடத்தில்தான் முறிவு. மழை நேரத்தில் கடலூர் செம்மண்டலம் பக்கம் ஸ்கூட்டி சறுக்கி விழுந்தேன். புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள்.

கட்டு இருக்கும்வரை எல்லோருக்கும் நம் மேல் இரக்கம் இருக்கும். தையல் பிரித்ததும், "அதான் பிரிச்சாச்சே" என்பார்கள். புடவை கட்டினால் வெளியே எதுவும் தெரியாது. ஆனால் நமக்கு வேலையே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. தொடைத் தசை இளைத்திருக்கும். முட்டி பாதிதான் மடங்கும். கொஞ்ச நேரம் காலைத் தொங்கவிட்டாலே பாதம் வீங்கும். இது யார் கண்ணுக்கும் படாது. அதனால் அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

என்னை மிகவும் வருத்தியது ஒப்பிட்டுப் பேசுவதுதான். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கும் கால் எலும்பு உடைந்தது. ஆபரேஷன் ஆன சில நாட்களிலேயே காலை ஊன்றி நடந்தான். "அவன் எவ்வளவு தைரியமா நடக்கிறான் பாரு" என்று அப்பாவே சொல்லிவிட்டார். அழுதுகொண்டேதான் பிசியோதெரபி செய்பவரிடம் கேட்டேன், அவர்தான் விளங்க வைத்தார். அவனுக்கு எலும்பின் நடுப்பகுதியில் முறிவு. உள்ளே ராடு செருகியிருக்கிறார்கள். உடம்பு எடையை அந்த ராடு தாங்கும், அதனால் பெரும்பாலும் சீக்கிரமே ஊன்ற விடுவார்கள். நமக்கு முறிவு முட்டியைத் தாங்கும் கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டில். அங்கே அவசரப்பட்டு எடை வைத்தால் அந்தத் தட்டு உள்ளே அமுங்கிவிடலாம், அப்புறம் முட்டி வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு தரும். அதனால்தான் 6 முதல் 12 வாரம் வரை காலை ஊன்றவே கூடாது என்கிறார்கள். சர்க்கரை இருந்தாலோ, புகைபிடிக்கும் பழக்கம் இருந்தாலோ எலும்பு கூடுவது இன்னும் தள்ளிப்போகும். இதை அப்பாவிடம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிச் சொன்னேன். மறுநாளிலிருந்து பார்க்க வருபவர்களுக்கு அவரே வாசலில் நின்று விளக்க ஆரம்பித்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவரைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் நாமே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் மனது ஓய்ந்துவிடும்.

"எப்போ சரியாகும்?" என்று கேட்டால் தேதி சொல்லாதீர்கள். சொன்ன தேதி தப்பினால் நாம்தான் ஏமாற்றியதுபோல் ஆகிவிடும். இப்போது எது முடிகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்: "20 கிலோ எடை வரைக்கும் ஊன்றலாம்னு சொல்லியிருக்காங்க." வீட்டில் எடை பார்க்கும் மெஷினில் அடிபட்ட காலை வைத்து, முள் 20-க்கு வரும்வரை அழுத்திப் பழகச் சொன்னார்கள். ஒருநாள் என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஆடுவதையும் எனக்கு வியர்த்ததையும் பார்த்த பிறகு, அடுப்படியில் நிற்கச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ உட்கார்ந்தே காய் நறுக்கிக் கொடும்மா" என்று நாற்காலி போட்டார்.

அக்கறையில் சொல்லும் யோசனைகளும் வரும். பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சூப் எல்லாம் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். எண்ணெய் போட்டு நீவி விடுகிறேன், புத்தூர் கட்டு போடலாம் என்றபோது மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தேன். உள்ளே பிளேட் வைத்து எலும்பு கூடிக்கொண்டிருக்கும்போது மேலே யாரும் கை வைக்கக் கூடாது. இதில் உறவு, மரியாதை எதையும் பார்க்காதீர்கள். கடலூர் சில்வர் பீச் மணலில் நடந்தால் கால் பலமாகும் என்றும் சொன்னார்கள். மணல் சமமாக இருக்காது, ஆரம்பத்தில் அது வேண்டாம். எனக்குக் கைகொடுத்தது புதுச்சேரி பீச் ரோடுதான். சாயங்காலம் வண்டி விடமாட்டார்கள். தரை சமம், கால் வலித்தால் உட்காரவும் இடம் உண்டு. கைத்தடியை நல்ல கால் பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும். "மாத்திப் பிடிச்சிருக்கியேம்மா" என்று அங்கேயும் யாராவது சொல்வார்கள். சிரித்துவிட்டு நடங்கள்.

நம்மை நம்பி ஏற்பாடு செய்ய வேண்டியவர்களிடம் மட்டும் முன்கூட்டியே முழுதாகப் பேசிவிடுங்கள். கைத்தடியோடு இருந்த நாட்களில்தான் என் தம்பிக்கு திருவந்திபுரம் மலைக்கோயிலில் கல்யாணம். நான்தான் நாத்தனார். "முடிச்சு நான்தான் போடுவேன், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். விளக்கு பிடிக்கிறது, சீர்த்தட்டு தூக்குறது, விழுந்து கும்பிடுறது முடியாதுடா" என்று பத்திரிகை அடிக்கும்போதே சொல்லிவிட்டேன். முகூர்த்தத்துக்கு வெகுநேரம் முன்பே மேலே கூட்டிப்போய் உட்கார வைத்தான். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்பதை அவனும் மனப்பாடம் செய்திருந்தான். விளக்கைச் சித்தி மகள் பிடித்தாள். பெரியம்மா ஒருவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும், தாலி கட்டிய நேரத்தில் நான் பெண்ணுக்குப் பின்னால் நின்றேன்.

ஆபீஸ் விஷயத்தில் வாய்ப்பேச்சு வேண்டாம். "ஓய்வு தேவை" என்று பொதுவாக எழுதிய சான்றிதழும் போதாது. எவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்கலாம், படி ஏறலாமா, வண்டி ஓட்டலாமா, உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டுமா, மறுபடி எப்போது பார்ப்பார்கள் என்று தனித்தனியாக டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அப்படிக் கொடுத்தபோது என் மேலதிகாரி கீழ்த்தளத்திலேயே மேசை போட்டுத் தந்தார். அடுத்த எக்ஸ்ரேக்குப் போகும் அன்றே கேளுங்கள், அதற்கு முன் சேரும் தேதிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.